அரைஞாணின் வால்

கல்யாண மண்டபத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது மற்றப் பெண்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் கால்களைப் பார்ப்பேன். அறுபதைத் தொட்ட ஆணாக இருந்தால் போதும், என் கண் முதலில் வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து வேட்டிக்குக் கீழே தெரியும் கெண்டைக்காலுக்கு இறங்கும். வயிறு முன்னால் தள்ளிக் கால் மெலிந்து இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலிலும் கிள்ளான் பஸ் நிலையத்திலும் எனக்கு இதே வேலைதான். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "அண்ணே, சீக்கிரமா ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கள் மாமனாரிடமிருந்து தொற்றியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ரயில் போனால் அலமாரியில் தம்ளர்கள் பேசிக்கொள்ளும். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்துப் படத்தில் ஒட்டிய வயிறும் உருண்ட தோளுமாக நிற்பார். நான் வந்தபோது வயிறு தனியாக ஒரு ஆள்போல் அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் ஒன்றையே சொல்வார்கள்.

"மாமாவுக்குப் பென்ஷன் உடம்பு நல்லா புடிச்சிருச்சு!"

எங்கள் ஆட்களிடம் அது பெரிய மரியாதை. மனிதன் உழைத்து முடித்துவிட்டான், பிள்ளைகள் சோறு போடுகிறார்கள், கவலை இல்லை, அதனால் உடம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். மாமனார் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். மாதச் சம்பளம் போய்ப் பென்ஷன் வந்த நாளிலிருந்து மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் காசு போட்டு ஏறி நிற்பது அவருக்கு ஒரு பழக்கம். அது தள்ளும் சீட்டைக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டுவார். "பாருடா. ஒரு கிலோ கூடல, ஒரு கிலோ குறையல." என் கணவரும் பெருமையாகத் தலையாட்டுவார். அப்பனுக்கும் மகனுக்கும் அந்த மெஷின்மேல் அவ்வளவு பக்தி.

துணி துவைத்தவள் நான். எனக்குத் தெரிந்தது வேறு. வேலைக்குப் போன காலத்துக் கால்சட்டை ஒன்றை அவர் விடாமல் மாட்டப் பார்ப்பார். இடுப்பில் பொத்தான் போட முடியாது, ஆனால் தொடைப் பக்கம் துணி காற்றில் ஆடும். உடம்பில் ஏதோ இடம் மாறிப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. புது மருமகள் மாமனாரின் தொடையைப் பற்றி யாரிடம் பேச முடியும்? வாயை மூடிக்கொண்டு துவைத்தேன்.

அந்த வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு உண்டு. அதற்குச் சட்டதிட்டம் என் மாமியாருடையது. போகியன்று பழையது போகும், புதியது வரும். புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதைக் கழட்ட வேண்டும், ஒரு நிமிஷம்கூட வெறும் இடுப்போடு இருக்கக் கூடாது. பழையதைக் கால்வழியாக இறக்க வேண்டும், கத்திரிக்கோல் வைக்கக் கூடாது. 'அறு' என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரக் கூடாது. அரைஞாணை அறுப்பது ஒரே ஒரு நாள்தான், அது சுடுகாட்டில்.

மாமனார் தம் கயிற்றில் அலமாரிச் சாவியைக் கோத்து வைத்திருந்தார். வயிறு பெருக்கப் பெருக்கக் கயிறு வெட்டுகிறது என்று முடிச்சைத் தளர்த்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் காலை, பசியாற எழுந்து வந்தவர் நடுக் கூடத்தில் நின்றார். 'டிங்' என்று ஒரு சத்தம். கைலிக்குள்ளிருந்து சாவியோடு அரைஞாண் கழன்று அவர் பாதத்தில் வளையமாக விழுந்து கிடந்தது. அதைத் தாங்கி நிறுத்தப் பின்பக்கத்தில் சதையே இல்லை. என் கணவர் சிரித்தார். மாமனாரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அதை எடுத்து, அவரைச் சுவரோடு நிறுத்தி மறுபடி கட்டினார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு மாமனார் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். "நல்ல உடம்பாச்சே!" என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாமியார் அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உசிரு கயிறு விழுந்த அன்னைக்கே கிளம்பிடுச்சு. நம்மகிட்ட சொல்லாம கிளம்பிடுச்சு."

அந்த 'டிங்' சத்தம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. பிள்ளை பிறந்தான், வளர்ந்தான், மாமியாரும் போனார், நாங்கள் கிள்ளானில் சொந்த வீட்டுக்கு மாறினோம். கிண்ணத்தில் கரண்டி பட்டாலும் எனக்கு முதலில் தரையைத்தான் பார்க்கத் தோன்றும்.

என் கணவர் துறைமுகத்தில் கிராணி என்கிற குமாஸ்தாவாக இருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்குப் பார்க்கப் போனார். நாற்காலி வேலை. காலையில் ரொட்டி சானாய், மாலையில் கெட்டிப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக், நடப்பது என்றால் பஸ் நிறுத்தம் வரைக்கும். வேலையிடத்தில் லெதர் ஷூ கட்டாயம் என்பதால் தினமும் அதை மட்டும் பளபளவென்று துடைத்துப் போவார். அப்பாவைப் போலவே மாதம் ஒருமுறை எடை மெஷினில் ஏறி, அப்பாவைப் போலவே சீட்டைக் கொண்டுவந்து காட்டுவார்.

"அதே எடை. கல்யாணத்துக்கு அப்புறம் ஏறின எடை, அங்கேயே நிக்குது பாரு!"

எனக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே எரிச்சல் வரும். எடை நின்றது சரி. எங்கே நின்றது என்று யார் பார்ப்பது? வயிறு வந்துகொண்டிருந்தது, கால் போய்க்கொண்டிருந்தது. மெலிந்த காலில் செருப்புக்கூட நிற்கவில்லை. வீட்டுக்குள் நடந்தால் சரக் சரக் என்று இழுக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் மாமனார் நடக்கும்போது நான் கேட்ட அதே இழுப்பு.

ஒரு நாள் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம். அவர் வெற்று உடம்போடு, கைலியை வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். மாமனாரைக் கூப்பிடுகிற அதே சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"மாமா, தண்ணி."

அவர் திரும்பினார். செம்பை வாங்கி, தண்ணீரைக் குடித்து, செம்பைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பாவின் பெயர் எடுத்தால் கதை கதையாகச் சொல்கிற மனிதர் அன்று டிவியையும் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மகன் அப்போது சுபாங் ஜெயாவில் இருந்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தமிழ் லேடி டாக்டர் இருந்தார். என் முட்டி வலிக்குப் போனவள், முட்டியை விட்டுவிட்டு மாமனார் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டது.

"ஆன்டி, வயசானவங்களுக்கு எடை மட்டும் பார்த்தா பத்தாது. கால்ல, பின்பக்கத்துல சதை குறையும். வயித்துல கொழுப்பு ஏறும். மெஷினுக்கு ரெண்டும் ஒன்னுதான், ஹார்ட்டுக்கு ஒன்னு இல்ல. அங்கிளை ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி ஒரு அளவு, பின்பக்கத்தைச் சுற்றி ஒரு அளவு எடுத்தார். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார். வயிறு இறங்கியே ஆக வேண்டும், காலுக்குப் பலம் வர நடக்க வேண்டும், வீட்டில் அடிக்கடி அளந்து பாருங்கள் என்றார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும் வெடித்தார்.

"டேப்பு வெச்சு அளக்குறா! பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்கு லா. வீட்டுல அதை எடுத்தே, நான் தெலுக்லயே படுத்துக்குவேன், சொல்லிட்டேன்."

"உங்க அப்பா மாதிரி போகணுமா உங்களுக்கு?"

"நீதான் என் அப்பாவை என் மேல ஏத்தி உக்கார வெச்சிருக்கே. நான் எந்திரிச்சா அவரு எந்திரிக்கிறாரு, நான் நடந்தா அவரு நடக்கிறாரு. மனுஷன் நிம்மதியா பாத்ரூம் போக முடியல!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான், ஆனால் மூன்று பேராகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம்.

டேப் கூடாது என்றால் எனக்கு வேறு வழி தெரியாதா? அடுத்த போகி வந்தது. கிள்ளானில் நான் வழக்கமாக வாங்கும் பூஜைச் சாமான் கடையிலிருந்து கறுப்புக் கயிறு வாங்கிவந்து, நானே என் கையால் கட்டினேன். முடிச்சுப் போட்டதும் மிச்சக் கயிறு முன்னால் தொங்கியது. என் கையை விரித்துப் பிடித்துப் பார்த்தேன், சரியாக ஒரு சாண்.

"இங்க பாருங்க. டேப்பு கெடையாது, ஒன்னும் கெடையாது. இந்த வால் ஒரு சாண். வயிறு பெருத்தா நீங்க முடிச்சை அவுத்துத் தளத்தணும், வால் சின்னதாயிடும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் பாப்பேன். அடுத்த பொங்கல் வரைக்கும் இந்த வால் குறையக் கூடாது."

அவர் குனிந்து அதைப் பார்த்தார். வயிறு மறைத்ததால் கையால் தடவித்தான் பார்க்க முடிந்தது. பிறகு சிரித்துவிட்டார்.

"மனுஷனுக்கு வால் போச்சுன்னு யாரு லா சொன்னா?"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வேடிக்கை ஆனது. தே தாரேக் போய், சர்க்கரையும் பாலும் இல்லாத தே ஓ வந்தது. அதைக் குடிக்கும்போதெல்லாம் எனக்குச் சாபம் விடுவார். சாயங்காலம் பாடாங் திடலைச் சுற்றி நடந்துவிட்டு வருவார், பாதி நாள் அங்கே உட்கார்ந்து கதையடித்துவிட்டு வருகிறார் என்று எனக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் முன்னால் வந்து நின்று, பனியனின் முன்பக்கத்தை மட்டும் விரலால் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துக்க. வால் அப்படியே இருக்கு."

நான் சாண் பிடித்துப் பார்ப்பேன். இருக்கும். குறையவே இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கால் இன்னும் மெலிந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது, படி ஏறும்போது அவர் மூச்சு வாங்கியதும் காதில் விழுந்தது. ஆனால் வால் குறையவில்லையே! கண்ணையும் காதையும் விட எனக்குக் கயிறு பெரிதாகப் போயிற்று.

அந்த மாதங்களில் அவரிடம் இரண்டு புதுப் பழக்கம் வந்தது. வீட்டில் எப்போதும் வெற்று உடம்போடு இருக்கிறவர், வெயில் கொளுத்தினாலும் பனியனைக் கழட்ட மாட்டேன் என்றார். நான் அவரை மாமா என்று கூப்பிட்ட நாளை மனதில் வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறார் என்று நினைத்து, நான் கேட்கவில்லை. இன்னொன்று, அந்தப் பளபள ஷூவில் ஒரு காலுக்குக் கறுப்பு லேஸ், மறு காலுக்குப் பழுப்பு லேஸ். இதைப் பார்த்து எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்க இது கோமாளி மாதிரி? ஊர்ல லேஸுக்குப் பஞ்சமா?"

"கறுப்பு கெடைக்கல லா. விடு. ஸ்டோர்ல யாரு என் காலைப் பாக்குறா?"

"நான் பாக்குறேன்ல."

"நீ பாக்குறே, அது தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாண் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கே என்னவோ போலாகி, "நல்ல வேளைங்க, எனக்கு இப்பதான் உயிரு வந்துச்சு" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். அப்படியெல்லாம் செய்கிற மனிதர் அல்ல. "நீ இப்ப நல்லா தூங்குறே. முன்னெல்லாம் எந்திரிச்சி எந்திரிச்சி என் மூச்சைப் பாப்பே. அது போதும் லா எனக்கு" என்றார். உண்மைதான். வால் கட்டிய பிறகு எனக்கு 'டிங்' சத்தம் கேட்பது நின்றிருந்தது. மாமனாரும் கூடத்தில் நடமாடுவதை விட்டிருந்தார்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. காலையில் வேலைக்குக் கிளம்பி, வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கத்துச் சுவரில் சாய்ந்தார். பக்கத்து வீட்டுப் பையனின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து இளம் மலாய் நர்ஸ் ஒருத்தி பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பனியன். அடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. அதற்குக் கத்திரி போட்டீர்களா என்று பதறிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டி, கால்வழியாக உருவிக் காட்டுவதுபோல் கையை இறக்கினாள்.

"சேனாங் சாஜா, மாக்சிக்." சுலபமாக வந்துவிட்டது என்கிறாள்.

சுலபமாக எப்படி வரும்? நான் கட்டிய கயிறு, முடிச்சுத் தளராத கயிறு, இந்த வயிற்றைத் தாண்டி எப்படிச் சுலபமாக இறங்கும்? அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. டாக்டர் வந்து, சேதி கேட்டு ஓடி வந்திருந்த மகனின் தோளைத் தொட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட ஆண்கள் கூடினார்கள். என் மாமியாரின் சட்டதிட்டம் தெரிந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "அரைஞாண் எங்கம்மா? வெறும் இடுப்போட அனுப்பக் கூடாது. அங்க போய்தான் எடுக்கணும்" என்றார். 'அறுக்கணும்' என்ற சொல்லை எனக்காக விழுங்கிக்கொண்டார்.

பிளாஸ்டிக் பையைத் திறந்து கயிற்றை வெளியே இழுத்தேன். முன்பக்கத்தில் நான் போட்ட முடிச்சு, நான் விட்ட வால், அப்படியே இருந்தன. பின்பக்கத்தில் கயிறு இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து நடுவில் ஒரு கறுப்பு ஷூ லேஸ் கட்டியிருந்தது. லேஸின் நுனியில் அந்தப் பிளாஸ்டிக் முனைகூடப் போகவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "பாவி மனுஷா! என்னை ஏமாத்திட்டியே! கோமாளி! முன்னால வாலைக் காட்டிட்டு முதுகுல பொய்யைக் கட்டிக்கிட்டு நின்னியே! நான் தூங்கணும்னு உன்னை யாரு கேட்டா? நான் முழிச்சிருந்துட்டுப் போறேன், நீ இருந்திருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டுத் திட்டினேன். அவரை ஒருமையில் பேசியது என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். சுற்றி இருந்த பெண்கள் அதை ஒப்பாரி என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உயிரோடு இருக்கிறவன் அரைஞாணில் கத்திரி வைக்கக் கூடாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தன் கையாலேயே அதை அறுத்திருக்கிறார்.

பெரியவர் லேஸைப் பார்த்துத் தயங்கினார். "அதை அவுத்துட்டு சும்மா கயிறை மட்டும் கட்டிடலாமாம்மா?"

"பத்தாது" என்றேன். "அது இல்லாட்டி சுத்தி வராது."

ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு நானே போட்டேன். காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வளையத்துக்குள் விட்டேன். அந்தக் கால் ஒரு கைக்குள் அடங்கியது. முட்டி, தொடை, பின்பக்கம் எதுவும் தடுக்கவில்லை, கயிறு வழுக்கிக்கொண்டு ஏறி வயிற்றில் வந்து நின்றது. வேட்டியைச் சரிசெய்தேன். பழக்க தோஷம், என் கை தானாக விரிந்து அளந்து பார்த்தது.

வால் ஒரு சாண் இருந்தது.